அளவுக் கயிறு

கடைசிச் சொட்டும் கிணற்றுக்குள் விழுந்த பிறகுதான் ஈஸ்வரபாண்டி மூச்சு விட்டார். விடிந்தும் விடியாத நேரம். திராட்சைப் பந்தலுக்குப் பின்னால் நின்ற தண்ணீர் லாரி ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாது.

கீழே, கரும்பாறைக்கு மேல் இடுப்பளவுக்குத் தண்ணீர் கிடந்தது. செம்மண் குளத்துத் தண்ணீர். கலங்கிச் சிவந்திருந்தது.

"ஏலே அம்மாவாசி, இது வெளிய தெரிஞ்சுச்சுன்னா நான் நாண்டுக்கிட்டுத்தேன் சாகணும்."

"எம் பொழப்பே வாயத் தொறக்காம இருக்குறதுதான்யா" என்றான் டிரைவர் அம்மாவாசி, குழாயைச் சுருட்டியபடியே.

குச்சனூருக்கு மேற்கே கரிசல் காட்டு நடுவிலிருந்த அந்தச் சிற்றூரில் ஈஸ்வரபாண்டியின் குடும்பத்துக்குக் கிணத்து வீடு என்று பெயர். அங்கே யார் வீட்டுக் கல்யாணமானாலும் சமையலுக்கு முதல் குடம் அவர் கிணற்றிலிருந்துதான் போகும். 2003இல், மூன்றாவது வருஷமாக மழை பொய்த்தபோது, கிணற்றில் பாறை தெரிந்தது. பந்தலில் கொடிகள் நுனியிலிருந்து கருகிக்கொண்டு வந்தன.

பக்கத்துத் தோட்டத்துச் செல்லப்பாண்டியோ, தன் கிணற்று ஊற்றைப் பற்றி டீக்கடையில் பேசாத நாளில்லை. மற்றவர்களும் அப்படியே. தன் கிணறு மட்டும் ஏன் கைவிட்டது என்று சனீஸ்வரனுக்கு எள் விளக்கு ஏற்றிக் கேட்டுவிட்டார் ஈஸ்வரபாண்டி.

அவர் மகள் ஓவியாவும் ஊர்ப் பெண்கள் சிலரும் ஒரு வருஷமாகக் குளத்தையும் ஓடையையும் அடிபம்புகளையும் அளந்து எழுதிவந்தார்கள். ஊர்க்காரர்களே நடத்தும் ஆய்வு. மதுரையிலிருந்து ஒரு நிறுவனம் கற்றுக்கொடுத்திருந்தது. நிலத்தடி நீர் அற்றுப்போய்விட்டது என்பது பெண்களின் முடிவு. அது உறுதியானால் ஓடையில் தடுப்பணை வரும்.

அதுவரை சொந்தக் கிணறுகளை எட்டிப்பார்க்க யாரும் விட்டதில்லை. அன்று அவற்றையும் அளந்துபார்த்து முடிவு சொல்ல நிறுவனத்திலிருந்து செல்வமணி வந்திருந்தார்.

"உள்ளதக் காட்டிருவோம்ப்பா. அணை வந்தா நம்ம கொடி பொழைக்கும்" என்று ஓவியா கெஞ்சினாள்.

"ஊர்ல அம்புட்டுப் பேரு கிணத்துலயும் தண்ணி கெடக்கு. நம்மது ஒண்ணு காஞ்சதக் காட்டுனா அணையா வந்துரும்? பேருதேன் போகும்." அவர் குரல் தணிந்தது. "சார் வந்துட்டாக. வாயத் தொறக்காத ஆத்தா."

ஓவியா கையிலிருந்த அளவு நோட்டை மூடினாள்.

செல்லப்பாண்டி கிணற்றை அளந்த கையோடு எல்லாரும் இங்கே வந்தார்கள். அளந்து எழுதும் பெண்களில் ஒருத்தியான சங்கிலியம்மாள் கல் கட்டிய அளவுக் கயிற்றைத் தோளில் போட்டுச் சுமந்து வந்தாள். ஈரம் காயாத கயிறு அவள் சேலையில் சிவப்பாய்க் கறை வைத்திருந்தது. அதை ஈஸ்வரபாண்டியின் கிணற்றுக்குள் விட்டாள். சளக்கென்று சத்தம் கேட்டது. ஈஸ்வரபாண்டி நிமிர்ந்து நின்றார்.

மத்தியானம் சாவடி முன்னால் ஊர் கூடியது. செல்வமணியின் முகம் இறுகியிருந்தது.

"குளம் வத்திருச்சு, பம்பு வத்திருச்சுன்னு எழுதியிருக்கீங்க. இங்க ஒரு கிணறு பாக்கியில்லாம தண்ணி இருக்கு. என்னம்மா ஓவியா, வீட்டுல உக்காந்தே எழுதுனீங்களா?"

"சின்னப் புள்ளதான சார்" என்றார் செல்லப்பாண்டி. "அணை வேணும்கிற ஆசையில கொஞ்சம் கூட்டிக் கொறைச்சு எழுதிருச்சு போல. விடுங்க."

யாரோ சிரித்தார்கள். ஓவியா ஒரே ஒரு முறை அப்பாவைப் பார்த்தாள். பிறகு தலைகுனிந்துகொண்டாள்.

செல்வமணி பையை மூடினார். "பொய்க் கணக்குக்கு அணை கெடையாது. இந்த ஊர விட்டுருவோம்."

கிணத்து வீட்டுப் பெண் பொய்க்காரி. அந்தப் பேச்சு அடுத்த ஊருக்குப் போகும். பெண் கேட்டு வருகிறவன் காதுக்கும் போகும். ஈஸ்வரபாண்டி எழுந்தபோது தோளில் இருந்த துண்டு நழுவியது. அதை அவர் எடுக்கவில்லை.

"சார், எம் மக பொய் எழுதல. பொய் சொன்னது நாந்தேன். எங் கிணறு காஞ்சு ரெண்டு மாசமாச்சு. லாரித் தண்ணிய ஊத்தி வச்சேன்."

முதல் சிரிப்புக்காக அவர் காத்து நின்றார். வரவில்லை. செல்லப்பாண்டி மட்டும் வேட்டியைத் தட்டிவிட்டுக் கிளம்பப் பார்த்தார்.

"மகளுக்காகச் சொல்றீங்க பெரியவரே" என்றார் செல்வமணி. "அப்படியே இருந்தாலும் அது ஒரு கிணறு. மத்ததெல்லாம்?"

தன் பேரையும் கொடுத்தாயிற்று, மகள் பேர் இன்னும் மீளவில்லை. கூட்டம் வழியை அடைத்திருந்ததால் ரோட்டில் ஒரு தண்ணீர் லாரி உறுமிக்கொண்டு நின்றது. ஈஸ்வரபாண்டி ஓடிப்போய் அதன் கதவை உள்ளங்கையால் அறைந்தார்.

"ஏலே அம்மாவாசி, எறங்குலே! என்னய நம்ப மாட்டேங்குறாக. யாரு கிணத்துல தண்ணி ஊத்துனன்னு நீயே சொல்லு!"

அம்மாவாசி இறங்கினான். அவரைப் பார்த்தான். பிறகு சாவடி முன்னால் உட்கார்ந்திருந்தவர்களை வரிசையாகப் பார்த்தான். ஒருவர்கூட நிமிரவில்லை.

"ஒங்களத மட்டும் சொல்லவா, இல்ல அம்புட்டுப் பேருதையும் சொல்லவாய்யா?"