முதல் டேபிள் விருந்தாளி

துபாய் ஹோட்டல் விருந்தில், கறுப்புக் கோட்டும் போ டையுமாக நின்றிருந்த ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். சர்வர் அருள்முருகன்தான் முதலில் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தான்.

மேனேஜர் விஜயபாஸ்கர் பதறியடித்து வந்தார். "எந்த டேபிள் கெஸ்ட்டுய்யா?"

"முதல் டேபிள் சார். பெரிய இடம்," என்றான் அருள்முருகன்.

பாட்டு நின்றது. விருந்துக்கு வந்திருந்த டாக்டரே மண்டியிட்டு நெஞ்சை அழுத்தினார். ஆம்புலன்ஸ் முன்வாசலுக்கே வந்தது. ஸ்ட்ரெச்சரை மேனேஜரே தள்ளிக்கொண்டு போனார்.

வண்டி கிளம்பியதும் திரும்பிக் கத்தினார். "யல்லா, சீக்கிரம் சர்வீஸைப் பாருங்க! ஆமா, அந்த சர்வர் முத்துராமன் எங்க போய்த் தொலைஞ்சான்? நாளையிலேர்ந்து வேலைக்கு வராம லேபர் கேம்ப்லயே கிடக்கச் சொல்லு."

"சரிங்க சார்."

போன மாதம் கிச்சனில் மயங்கி விழுந்த சர்வரை, விருந்து முடியட்டும் என்று வெங்காய மூட்டைமேல் கிடத்தி வைத்தவர் இவர். அவன் சவப்பெட்டியில்தான் ஊருக்குப் போனான்.

விருந்தாளிக்கும் சர்வருக்கும் இங்கே ஒரே உடுப்பு. கோட்டில் குத்திய பெயர் பேட்ஜ்தான் வித்தியாசம். கேம்ப் ஆட்களின் முகத்தை மேனேஜர் ஒருநாளும் பார்த்ததில்லை.

அருள்முருகன் கோட்டுப் பைக்குள் கையை விட்டான். முத்துராமன் அண்ணனின் கோட்டிலிருந்து பிடுங்கிய பேட்ஜ், சுருக்கென்று விரலில் குத்தியது.