புளி போட்டுத் தேய்த்த காசு

வெள்ளிக்கிழமை குத்துவிளக்கைத் தேய்த்த கையோடு, கணவரின் கறுத்துப்போன பழைய செப்புக் காசையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள் ஜகதாம்பாள். மதிப்புப் பார்க்க ஆபீஸ் துரை சாயங்காலம் வருகிறாரே, பளிச்சென்று இருக்கட்டுமே!

அடுத்த வீட்டு வங்காளி மாமி, மாஷிமா, தலையில் கை வைத்தாள். அவள் கணவரும் காசு சேர்ப்பவர்.

"ஐயோ, அந்தக் கறுப்புக்குத்தானே மதிப்பே! போச்சு, எல்லாம் போச்சு!"

ஜகதாம்பாள் காளிகாட் காளிக்கு வேண்டிக்கொண்டாள்.

வீடு திரும்பிய கணவர் வைத்தீஸ்வரன், மின்னும் காசைப் பார்த்ததும் பொத்தென்று உட்கார்ந்தார்.

"தெரியாம தேய்ச்சுட்டேன்னா! எந்த ராஜா காலத்துக் கறுப்போ..." என்று அழுதாள்.

"மெள்ளப் பேசுடி, துரை வர நேரம்!" அவர் குரல் அவள் குரலைவிட நடுங்கியது. "மழைக்காலம் பூரா சாணியில புதைச்சு வெச்சு நான் ஏத்தின கறுப்புடி அது!"