மூடியைத் திறந்த கீரி

தூக்கம் கெட்டுக் கண் சிவந்துபோன கீரி ஒன்று இருந்தது. விடிந்தால் நாகத்தோடு சண்டை; கண்ணயராமல் போனால் உயிர் மிஞ்சாது. வியாபாரியிடம் அடித்துப் பேரம் பேசி வாங்கிவந்த, தூக்கம் வரவழைக்கும் காய்ந்த சீமைச்சாமந்திப் பூவைக் கிண்ணத்துக் கொதிநீரில் போட்டது.

“மூடி வச்சுட்டுக் கொஞ்சம் பொறுங்கண்ணே. மணம் ஆவியாப் போயிட்டா தூக்கமும் அதோட போயிடும்” என்றது பூ.

கீரி மூடியது. உடனே திறந்தது. “என்ன, சாறு இறங்கிடுச்சா?”

“இப்பத்தானே மூடினீங்க!”

“யாரை ஏய்க்கிற? எத்தனை வியாபாரியைப் பார்த்தவன் நான்!”

மூடுவதும் திறந்து முகர்வதுமாக இருந்ததில், கடைசியில் வெறும் மஞ்சள் தண்ணீர்தான் மிஞ்சியது. குடித்த கீரிக்குக் கொட்டாவிகூட வரவில்லை.

“போலிச் சரக்கு!” என்று சீறியபடி அடுத்த பூவை எடுத்தது. “இந்தத் தடவை மூடியே கிடையாது. கண்கொட்டாம உட்கார்ந்து பாக்கப்போறேன்.”