நூற்றைம்பது கிலோ கொப்பரை

ஒரு சர்க்கரை ஆலையில் பாகு காய்ச்சும் கொப்பரை ஒன்று இருந்தது. தன்னை மிஞ்சிய உழைப்பாளி அந்த வட்டாரத்திலேயே கிடையாது என்பது அதன் எண்ணம்.

"மணிக்கு நூத்தம்பது கிலோ பாகு காய்ச்சுறேன், தெரியுமா?" என்றது ஒருநாள்.

வாசலில் இருந்த தராசு திருதிருவென்று விழித்தது. "என்னைத் தாண்டி உள்ளே வர்ற சாறே மணிக்கு நூறு கிலோதானே அண்ணே? அறுபது சர்க்கரையா வெளியே போகுது, நாற்பது ஆவியாப் போகுது. கணக்கு நேராயிடுச்சே!"

இந்தத் துக்கடாத் தராசு தன்னைப் பொய்யன் என்கிறதா? கொப்பரைக்குக் கோபம் பொங்கியது. "உன் முள்ளு கோணிப்போச்சு. உன்னைக் கழற்றி எறியச் சொல்றேன் பார்!"

அப்போது கொப்பரையின் முதுகுப்பக்கம் வளைந்து கிடந்த ஒல்லிக் குழாய் வாயைத் திறந்தது.

"தராசு மேல தப்பில்லை அண்ணே. நீங்க காய்ச்சி அனுப்புறதுல மணிக்கு அம்பது கிலோ சர்க்கரையா உறையாம அப்படியே பாகா மிஞ்சுது. அதை நான்தான் திரும்பக் கொண்டுவந்து உங்க வாயில ஊத்துறேன். நீங்க அதையும் புதுச் சரக்குன்னு எண்ணிக்கிறீங்க."

கொப்பரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது.

"பார்த்தியா, உனக்கு வேலை போட்டுக் கொடுக்கிறதும் நான்தான்!"