வெறும் கண்ணாடி

“மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா சார் உங்களுக்கு?”

கேட்டுவிட்டாளே தவிர, சண்டை போடுவதற்கும் தெம்பு வேண்டும் அல்லவா? சலவைக்கடையில் பகல் முழுக்க நின்றபடி இஸ்திரி போட்டுவிட்டு நேரே வந்திருந்தாள். மகளின் குட்டிக் கண்ணாடியை மேசைமேல் வைத்தாள்.

“ஃப்ரேம் உடைஞ்சுபோச்சுன்னு வேற கடையில குடுத்தேன். இதுல பவரே இல்ல, வெறும் கண்ணாடின்னு சிரிக்கறாங்க.”

கண்ணாடிக்கடைக்காரர் மழுப்புவார் என்று பார்த்தால், “ஆமாம்மா, வெறும் கண்ணாடிதான்” என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“இது தெரியாம, கண்ணாடி போட்டதும் பொண்ணு படிக்க ஆரம்பிச்சுட்டான்னு பாக்கறவங்ககிட்டயெல்லாம் உங்களைப் புகழ்ந்துகிட்டுத் திரியறேன்!”

“படிக்கறாளா?” ஆவலாகக் கேட்டார்.

“படிக்கறா, ஊர்ந்து ஊர்ந்துதான். எழுத்து இடம் மாறுது, வரி ஆடுதுங்கறா. நானும் பக்கத்துலயே உக்காந்து ஒவ்வொரு எழுத்தா விரல் வெச்சுக் காட்டுவேன். பாவம், கண்ணு சரியில்லாத புள்ள, அது என்ன பண்ணும்னு...”

சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

“அதுக்கு முன்னாடி?”

அவள் மேசைமேல் இருந்த கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டாள். அதற்கு முன்னால், ‘கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?’ என்று கேட்டுக்கொண்டே முதுகில் ஒன்று வைப்பாள். வேலை அலுப்பு வேறு. கை தானாக ஓங்கிவிடும்.

“கண்ணுல ஒரு குறையும் இல்ல, எழுத்தெல்லாம் குழம்பற டிஸ்லெக்சியாவா இருக்கலாம், அதுக்குன்னே சொல்லித்தர்ற டீச்சர் இருக்காங்கன்னு அன்னிக்கே சொன்னேம்மா. நீங்க காதுலயே போட்டுக்கல. ‘கண்ணு நல்லாத்தான் இருக்கா? அப்ப எல்லாம் திமிரு. வீட்டுக்கு வா, வெச்சுக்கறேன்’னு அவ கையைப் பிடிச்சு இழுத்தீங்க. அப்பதான், இருங்க, இன்னொரு தடவை சோதிச்சுப் பாத்துடறேன்னு சொல்லி, இந்தக் கண்ணாடியை மாட்டிவிட்டேன். கோபம் ஆறினதும் உண்மையைச் சொல்லலாம்னு இருந்தேன். நீங்க இந்தப் பக்கமே வரல.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து இப்போதுதான் உட்காருகிறாள்.

“கண்ணாடி எப்ப வரும், எப்ப வரும்னு ரெண்டு நாளா உயிரை எடுக்கறா சார். அது இல்லாம புத்தகத்தையே தொட மாட்டேங்கறா. வெறும் கண்ணாடின்னு தெரிஞ்சா அவ மனசு விட்டுப்போயிடும். நான் என்னன்னு சொல்வேன்?”

“அவளுக்குத் தெரியும்மா.”

“தெரியுமா?”

“போட்டுப் பாத்த அன்னிக்கே தெரியும். நீங்க வெளிய போன் பேசிட்டிருந்தீங்க. என் காதுகிட்ட வந்து சொன்னா, ‘ஒரு வித்தியாசமும் தெரியல அங்கிள். ஆனா இதையே குடுங்க. இதைப் போட்டிருந்தா அம்மா அடிக்க மாட்டாங்க’ன்னு.”