சோற்றில் கல்

“நிறுத்தும்!”

நம்பிராஜ பிள்ளை கையை உயர்த்தினார். எதிரே நின்ற சங்கரபாண்டியின் இங்கிலீஷ் பாதியில் நின்றது.

“எப்ப வந்தேன்னு சொன்னீரு? இன்னொரு தரம் சொல்லும்.”

“ஐ ஹாவ் கம் யெஸ்டர்டே, சார்.”

“நேத்து வந்தா ‘ஐ கேம்’. அங்கன ‘ஹாவ்’ எதுக்குவே வருது? சோத்துல கல்லு கடிபட்ட மாதிரில்லா இருக்கு!”

சங்கரபாண்டி தலையைக் குனிந்துகொண்டான்.

தென்காசியில் பிள்ளைவாள் நடத்தும் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியார் தேவை. சாரல் காலம் முழுக்கப் பிள்ளைவாள் குற்றாலத்துப் பங்களாவில்தான் இருப்பார். அதனால் வேலை கேட்டு வருகிறவர்களும் சாரலில் நனைந்துகொண்டு அங்கேயே வரவேண்டும்.

அவருக்கு நஞ்சை உண்டு, தோப்பு உண்டு. ஆனால் பிறத்தியார் கால் வைத்தால் கோபம் வருவது இங்கிலீஷ் இலக்கணத்தில்தான்.

“இதுக்கு முன்னால எங்க வேலை பார்த்தீரு?”

“ஐ ஆம் ஒர்க்கிங் ஆலங்குளம், சார். லாஸ்ட் இயர்.”

“போன வருசம் பார்த்த வேலைக்கு ‘ஆம்’ போடுதீரே! போதும், போயிட்டு வாரும்.”

“ஐயா, கணக்குல கேளுங்க. எந்தக் கணக்குன்னாலும் போடுதேன். பையன்களுக்குப் புரியும்படியாச் சொல்லியும் கொடுப்பேன்.”

“கணக்குப் போடுவீரு, சரி. வகுப்புல நின்னு இந்த இங்கிலீஷைப் பேசினா அத்தனை பயலும் இதையேல்லா பேசுவான்? என் பள்ளிக்கூடத்துல தப்பு இங்கிலீஷுக்கு இடம் கிடையாது.”

அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அது சங்கரபாண்டிக்கும் தெரிந்தது.

வீரகேரளம்புதூரில் இரண்டு வருஷமாக நெல் கண்ணில் படாத வீடு அவனுடையது. இந்த வேலையும் இல்லையென்றால் கொழும்புக்குக் கப்பலேறிவிட வேண்டியதுதான் என்று வீட்டில் பேசி முடித்தாகிவிட்டது. அவனை அனுப்ப அம்மாவுக்கு மனசில்லை. அவனுக்கும்தான்.

சர்ட்டிபிகேட்டுகளை மடித்து மடியில் செருகிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினான்.

“தம்பி, நில்லுங்க.” உள்ளேயிருந்து ஆவுடையம்மாள் வந்தாள், பிள்ளைவாளின் மனைவி. “உச்சி நேரத்துல வந்தவங்களை வெறும் வயித்தோட அனுப்புத வழக்கம் இந்த வீட்டுல இல்லை. பின்கட்டுக்கு வாங்க, இலை போட்டாச்சு.”

வேலைக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை என்பதால் பிள்ளைவாள் தடுக்கவில்லை.

சங்கரபாண்டி இலை முன்னால் உட்கார்ந்தான். பசி இருந்தது. குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. ஜில்லாவில் பெரிய அதிகாரியான வெள்ளைக்காரத் துரை, அருவியில் குளித்த ஈரத் தலையோடு இறங்கினார். தமிழ் கற்றுக்கொண்டு வருகிறார். கற்றதைக் கண்ட இடத்தில் பேசிப் பார்ப்பார்.

“நம்பிராஜன்! நீ எப்படி இருக்கான்?”

பிள்ளைவாள் மேல்துண்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு ஓடினார்.

“நாளைக்கு நான் ஐந்தருவி குளிச்சேன். ரொம்ப நல்ல தண்ணி. நேத்து மெட்ராஸ் போவேன்.”

“வொண்டர்ஃபுல் டமில், சார்! வொண்டர்ஃபுல்!”

துரை கதவோரம் நின்ற ஆவுடையம்மாளைப் பார்த்துக் கும்பிட்டார். “அம்மா சௌக்கியமா இருக்கான்?”

அவளும் கும்பிட்டாள். துரை சந்தோஷமாகக் காரில் ஏறிப் போனார். கார் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் பிள்ளைவாள் வாசலைவிட்டு நகரவில்லை.

உள்ளே வரும்போது முகமெல்லாம் சிரிப்பு.

“கேட்டியா ஆவுடை? துரை வாயில தமிழ் என்னமாத் தேனாட்டம் வருது பார்த்தியா?”

“கேட்டேன். ‘நீ எப்படி இருக்கான்’னு உங்களைக் கேட்டாரு.”

“பிரியத்துல கேட்டாரு.”

“என்னையும்லா ‘இருக்கான்’னு சொன்னாரு? நான் என்ன ஆம்பிளையா?”

“ஆம்பிளை பொம்பிளை வித்தியாசமெல்லாம் போகப் போக வரும்.”

“நாளைக்குக் குளிச்சேங்காரு. நேத்துப் போவேங்காரு. அதுவும் போகப் போக வருமோ?”

பிள்ளைவாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

“நேத்துக் குளிச்சாரு, நாளைக்குப் போறாரு. சொன்னது உனக்குப் புரிஞ்சுதா, இல்லியா?”

“புரிஞ்சுது.”

“பின்னே? பேச்சுன்னா அதுதானே! அந்நிய பாஷையில ஒருத்தன் துணிஞ்சு வாயைத் திறக்கதே பெரிய காரியம். அதுல போயி இது நொட்டை, அது நொள்ளைன்னு சொல்லலாமா? பேசப் பேசத் திருந்திட்டுப் போகுது. தப்புச் சொல்லி ஒருத்தன் வாயை அடைக்கது மனுசத்தனமா?”

ஆவுடையம்மாள் சிரிக்கவில்லை.

மோர்ச் செம்பை எடுத்துக்கொண்டு பின்கட்டுப் பக்கம் திரும்பி, அவர் காதிலும் விழும்படி சத்தமாகவே சொன்னாள்:

“தம்பி, எந்திரிச்சுராதீங்க, மோர் கொண்டு வாரேன். தப்புச் சொல்லி ஒருத்தர் வாயை அடைக்கக் கூடாதுன்னு ஐயா இப்பத்தான் சொன்னாவ. சாப்பிட்டுட்டு, விட்ட இடத்துலேருந்து அவுககிட்ட மறுபடியும் பேசுங்க!”