டெஸ்ட்டில் மாட்டாத பொடி

"சீக்கிரம் முழுங்குங்கடி! வெளிய தெரிஞ்சா ஆயுசுக்கும் ஆட விடமாட்டாங்க" என்று கபடி டீமிடம் கிசுகிசுத்தார் பி.டி. டீச்சர் கஸ்தூரி.

வாரத்துக்கு ஆளுக்கொரு பொட்டலம் பொடி. வாயில் போட்டால் துருப்பிடித்த ஆணியை நக்கிய மாதிரி இருந்தது.

"டெஸ்ட்டுல மாட்டுமா மிஸ்?" என்றாள் கேப்டன் கவிநிலா.

"மாட்டாது. அதான் இதோட விசேஷம்."

கவிநிலா பொட்டலக் காகிதத்தையும் நக்கினாள்.

போன வருஷம் இரண்டு ரெய்டுக்கே தலை சுற்றி உட்கார்ந்த பெண்கள், இந்த வருஷம் வேங்கிக்காலில் நடந்த ஃபைனலில் எதிர் டீமை மூன்று முறை ஆல் அவுட் ஆக்கினார்கள்.

தோற்ற டீமின் கோச் பிரசாத் பாய்ந்து வந்தார். "என்னமோ குடுத்திருக்கீங்க மேடம். கம்ப்ளெய்ன்ட் பண்ணப்போறேன்!"

"தாராளமா பண்ணுங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "சரி, எங்க கெடைக்குதுன்னாவது சொல்லுங்க."

"உங்க ஸ்கூல் காம்பவுண்டுக்குப் பின்னாடி போய்ப் பாருங்க."

கிண்டல் செய்கிறார் என்று நினைத்து பிரசாத் முறைத்துக்கொண்டே போனார்.

மறுநாள் கஸ்தூரியிடம் தலைமையாசிரியர் தருமன் கேட்டார். "வியாழக்கிழமையானா கவர்மெண்ட் குடுக்கிற இரும்புச்சத்து மாத்திரைய எல்லாப் பொண்ணுங்களும் காம்பவுண்டுக்கு அந்தாண்ட வீசிடுதுங்க. உங்க டீமுக்குனு நீங்க வாங்கிட்டுப் போறத மட்டும் எப்படி டீச்சர் சாப்பிடுதுங்க?"

"நீங்க நல்லதுனு சொல்லிக் குடுக்கிறீங்க சார். நான் இடிச்சுப் பொட்டலம் கட்டி, தப்புனு சொல்லிக் குடுக்கிறேன்."